வெயிலுக்கேற்ற நிறம்: பாசி வளர்ப்பு பற்றிய கேள்வி பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டப்புறத்தில் சில ஆண்டுகளாகச் சுருள்பாசி (ஸ்பைருலினா என்னும் உண்ணத்தக்க நீலப்பச்சைப் பாசி) வளர்த்துவரும் எங்கள் குழு உறுப்பினர், மற்றவர்கள் கேட்ட கேள்விகளுக்கு அளித்த பதில்கள் இவை.

கேள்வி (ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி): சால்மன் மீனுக்குச் சிவப்பைத் தரும் அஸ்டாக்ஸாந்தினுக்கு நல்ல விலை இருக்கிறதாம். வீட்டுக்குப் பின்னால் காலி இடம் உண்டு. அதையே வளர்க்கலாமா?

பதில்: விலை நல்ல விலைதான், ஐயா. ஆனால் அந்த நிறமியைத் தரும் ஹீமட்டோகாக்கஸ் பாசி 20 முதல் 25 டிகிரி வரையிலான குளிர்ந்த நீரையே விரும்புகிறது. நம் ஊரில் திறந்த தொட்டியின் நீர் பிற்பகலில் 35 டிகிரியை எளிதில் தொட்டுவிடும். அது வளர்வதும் மெதுவாகத்தான். சாதாரண நன்னீரில் வளர்வதால் வேறு பாசிகளும் ஒட்டுண்ணிப் பூஞ்சையும் சுலபமாகப் புகுந்துவிடும். நன்றாகச் சிவந்த பிறகோ அதன் செல்சுவர் தடித்து இறுகிவிடுவதால், உடைத்து நிறமியைப் பிரிக்கத் தனி இயந்திரம் தேவைப்படும். சுருள்பாசிக்கு இந்தத் தொல்லைகள் குறைவு. லிட்டருக்கு 16.8 கிராம் சோடியம் பைகார்பனேட் கலந்த, காரத்தன்மை (pH) 9-க்கு மேல் உள்ள நீரில் மற்ற உயிர்கள் பெரும்பாலும் தாக்குப்பிடிப்பதில்லை. 35 டிகிரி வெப்பம் அதற்கு மிகவும் பிடித்தமானது. நம் வெயிலுக்கு ஏற்ற நிறம் சுருள்பாசி தரும் நீலம்தான்.

கேள்வி (தமிழ்ப்பள்ளி ஆசிரியை): பாசியைப் பட்டினி போட்டால் நிறம் கூடும் என்று படித்தேன். சுருள்பாசிக்கும் அது பொருந்துமா?

பதில்: பொருந்தாது, டீச்சர். பலர் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள், நானும் சறுக்கியவன்தான். பால்மரம் சீவிய காயத்தில் பால் விடுவதைப் போல, ஹீமட்டோகாக்கஸ் தன் துன்பத்தில்தான் சிவக்கிறது. நைட்ரஜன் தீர்ந்து வெயிலும் கடுமையாகும்போது அது வளர்வதை நிறுத்திக்கொண்டு, தன்னைக் காக்கும் குடையாக அஸ்டாக்ஸாந்தினைச் சேர்க்கிறது. அது உலர் எடையில் 4 விழுக்காடு வரை செல்லும். மிகுந்த உப்புநீரில் வளரும் துனலியெல்லா பாசியும் இதே வழியில்தான் பீட்டா கரோட்டின் என்னும் ஆரஞ்சு நிறமியைச் சேர்க்கிறது. அதில் 10 விழுக்காடு வரைகூடக் கிடைக்கும்.

சுருள்பாசியின் நீல நிறமியான ஃபைக்கோசயனின் வேறு வகை; அது ஒரு புரதம். புரதத்துக்கு நைட்ரஜன் வேண்டும். அந்த உரம் குறைந்தால் பாசி தன் நீலத்தையே பிரித்துத் தின்றுவிடுகிறது. ஒரு முறை நான் நைட்ரஜன் தரும் சோடியம் நைட்ரேட் போடத் தவறியபோது, கருநீலப் பச்சையாக இருந்த தொட்டி சில நாள்களில் பழுக்கத் தொடங்கிய வாழைக்காயின் தோலைப் போல மஞ்சளடித்துவிட்டது. வெயில்தான் காரணம் என்று எண்ணி நிழல்வலையை இரட்டிப்பாகக் கட்டிக் காத்திருந்ததில் ஒரு வாரம் வீணானது. நைட்ரேட் போட்ட பிறகே நீலம் திரும்பியது. இருந்தாலும் அளவான நிழல் நல்லது; வெளிச்சம் குறைந்தால் அதைப் பிடிப்பதற்காகவே பாசி இந்த நிறமியை அதிகம் செய்துகொள்கிறது.

கேள்வி (வீட்டிலிருந்து சுருள்பாசி மாவு விற்கும் பெண்மணி): தொட்டியில் நன்றாக இருந்த நிறம், தகரக் கூரைமேல் காயவைத்ததும் மங்கிவிட்டதே, அண்ணா?

பதில்: தகரம் நண்பகலில் கொதிக்கும், தங்கச்சி. ஏறத்தாழ 45 டிகிரியைத் தாண்டினாலே இந்த நிறமி சிதையத் தொடங்கும். பிழிந்த பாசியை இடியாப்பம் போல மெல்லிய இழைகளாகப் பிழிந்து, நிழலில் விசிறிக் காற்றில் உலர்த்துங்கள். உலர்ந்த மாவில் ஒரு சிட்டிகையைக் கண்ணாடிக் குவளையிலுள்ள குளிர்ந்த நீரில் போட்டு, இரவு முழுவதும் குளிர்பெட்டியில் வையுங்கள். காலையில் மேல்நீர் தெளிந்த நீலமாக இருக்க வேண்டும். பக்கவாட்டில் கைவிளக்கைப் பிடித்துப் பார்த்தால் அந்த நீலத்துக்குள்ளேயே ஒரு சிவப்பு ஒளிரும். அழுக்குப் பச்சையாக இருந்தால் சூடுபட்டுவிட்டது என்று பொருள். அந்த மாவைச் சூடான தே தாரேக்கில் (பால் தேநீரில்) கலந்து குடிப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு நீலம் எதுவும் மிஞ்சுவதில்லை.

கேள்வி (செம்பனை ஆலைத் தொழிலாளி): ஆலைக் கழிவுநீரில் சத்து நிறைய இருக்கிறதே, அதில் வளர்க்கலாமா?

பதில்: ஆய்வுக்கூடங்களில் முயல்கிறார்கள். மனிதர் உண்ணும் பாசிக்கு வேண்டாம். அந்த நீரின் பழுப்பு நிறம் வெளிச்சத்தை மறைக்கும். அதிலுள்ள அழுக்குகள் பாசியோடு நம் வயிற்றுக்கும் வரும்.

கேள்வி (அதே ஆசிரியை): இதைச் சாப்பிட்டால் நோய்கள் தீருமா?

பதில்: சத்துணவு என்று சொல்லுங்கள், டீச்சர், மருந்து என்று சொல்லாதீர்கள். இயற்கை நிறமி என்பதற்காக அளவில்லாமல் விழுங்கவும் கூடாது. பின்லாந்தில் ஏறத்தாழ 29,000 புகைபிடிக்கும் ஆண்களிடம் நடந்து 1994-இல் வெளியான ஆய்வில், தினமும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் மாத்திரை உண்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, கூடியது. அது காய்கறி மூலம் வரும் அளவன்று, மாத்திரை அளவு. ஃபீனைல்கீட்டோன்யூரியா என்னும் பிறவிக் குறைபாடு உள்ளவர்களுக்குச் சுருள்பாசியே ஆகாது. குளிகையாக அடைத்து விற்க நினைப்பவர்கள், மருந்துக் கட்டுப்பாட்டு ஆணையத்தில் பதிந்து ‘மால்’ (MAL) என்னும் பதிவு எண் பெற்ற பிறகே விற்க வேண்டும்.

கேள்வி (தோட்டத்து இளைஞர்): தினமும் மாலை மழை கொட்டுகிறதே. விதைப்பாசி எங்கே கிடைக்கும்?

பதில்: தம்பி, முதலில் ஒளி புகும் கூரை போடு, மழைநீர் இறங்கினால் உப்பும் காரமும் நீர்த்துவிடும். விதைப்பாசியை நானே தருகிறேன். ஐந்து லிட்டர் போத்தலோடு காலையில் வா. முக்கால் பங்குதான் நிரப்புவேன், மூடியை இறுக்காமல் எடுத்துப் போ. மோட்டார் சைக்கிள் கூடையில் வெயில் படும்படி வைத்துவிடாதே.