எட்டு மாத ஆபீசுக்கு எந்த கேபிள்?

கேள்வி: எங்கள் ஆடிட்டர் ஆபீசை இடித்துக் கட்டுகிறோம். அதுவரை எட்டு மாதத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்திருக்கிறோம். 12 கம்ப்யூட்டர், 2 பிரிண்டர். டேலி டேட்டா முழுக்க ஒரே மெஷினில் இருக்கிறது. கம்ப்யூட்டர்களை இணைக்க ஒரு கடைக்காரர் கேட் 6 ரக நெட்வொர்க் கேபிள்தான் போட வேண்டும் என்கிறார். இன்னொருவர் பாதி விலைக்கு ஒரு பெட்டி கேபிள் தருகிறேன் என்கிறார். எதை வாங்குவது?
- ஒரு வாசகர், ஈரோடு

பதில்: அந்தப் பாதி விலைப் பெட்டியை முதலில் தூக்கிப் பாருங்கள். 305 மீட்டர் பெட்டி கையில் லேசாக இருந்தால் சந்தேகப்படலாம். ஒரு நுனியை உரித்து, கம்பியை பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியம், மேலே செம்புப் பூச்சு, அவ்வளவுதான். கடையில் சிசிஏ என்பார்கள். நாலு தடவை வளைத்தால் முறிந்துவிடும். நாளைக்குக் கழற்றி மாட்டப் போகிற உங்களுக்கு அது ஆகவே ஆகாது.

சுத்தச் செம்பில், கேட் 6-க்கு ஒரு படி கீழான கேட் 5இ போதும். 100 மீட்டர் வரை ஜிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) வேகம் போகும். உங்கள் வீட்டின் கடைசி அறைக்கே 25 மீட்டர் தாண்டாது. கேட் 6 நல்ல சரக்குதான், ஆனால் கேபிள்கள் எல்லாம் வந்து சேரும் உங்கள் நெட்வொர்க் ஸ்விட்ச் ஜிகாபிட் என்றால் அதன் கூடுதல் திறன் சும்மா கிடக்கும். புதுக் கட்டிடத்துக்கு அதை வாங்கிக் கொள்ளுங்கள்.

காசு மிச்சம் பிடிக்கிற இடம் வேறு: மேஜை வரைக்கும் போகிற கடைசித் துண்டு. நான் ஒரு தற்காலிக ஆபீசில் சுவரோரம் போட வேண்டிய அதே ஒற்றைக் கம்பி கேபிளை (உள்ளே ஒவ்வொரு ஒயரும் ஒரே கெட்டிக் கம்பி) மேஜை வரைக்கும் இழுத்துத் தரையில் விட்டேன். அக்கவுண்டன்ட் அம்மாவின் நாற்காலிச் சக்கரம் தினமும் அதன் மேலேயே ஏறி இறங்கியது. ஒரு நாள், “நெட் வருதுங்க, ஆனா ஊர்ந்து வருது” என்றார். பார்த்தால், கேபிளுக்குள் இருக்கும் நாலு ஜோடி ஒயரில் பிரவுன் ஜோடி அறுந்திருக்கிறது. ஜிகாபிட்டுக்கு நாலு ஜோடியும் வேண்டும். ரெண்டு ஜோடி இருந்தாலே 100 எம்பிபிஎஸ் ஓடிவிடும். அதனால்தான் முழுசாக நிற்காமல் ஏமாற்றியது. அரை நாள் ஸ்விட்சைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

எனவே சுவரோரம் ஒற்றைக் கம்பி கேபிள், முடிவில் ஒரு சாக்கெட் பாக்ஸ். அங்கிருந்து கம்ப்யூட்டருக்கு ரெடிமேட் பேட்ச் கார்டு, அதாவது ரெண்டு முனையிலும் பிளக் உள்ள குட்டி கேபிள். அதில் மெல்லிய பல இழைகள் இருப்பதால் வளைந்து கொடுக்கும், கெட்டால் அதை மட்டும் மாற்றலாம். வாடகை வீட்டுச் சுவரைத் துளைக்காமல் ஒட்டும் பட்டையில் இழுங்கள். கரண்ட் ஒயரோடு சேர்த்துக் கட்ட வேண்டாம், ஒரு சாண் தள்ளிப் போகட்டும். குறுக்கே கடக்க நேர்ந்தால் நேர் செங்குத்தாகக் கடக்கட்டும்.

வைஃபை போதாதா என்று யாராவது கேட்பார்கள். டேலி டேட்டா இருக்கிற மெஷினையாவது ஒயரில் வையுங்கள், மற்றது உங்கள் இஷ்டம்.

அப்புறம், ரெண்டு முனையிலும் மூணு மீட்டர் கூடுதலாக விடுங்கள், அறை எண்ணை டேப்பில் எழுதி ஒட்டுங்கள். காலி செய்யும்போது பெரிய வட்டமாகச் சுருட்டுங்கள். முழங்கையில் சுற்றி முறுக்கிக் கட்டிவிடாதீர்கள்.