டயரா, மனுவா?

கேள்வி: மூன்று மாதமாக எங்கள் தெருவில் குழாய் காய்ந்து கிடக்கிறது. நான்கு மனு கொடுத்தும் பதில் இல்லை. பக்கத்துப் பேட்டைக்காரர்கள் சாலையில் டயரைக் கொளுத்தினார்கள், மறுநாளே தண்ணீர் லாரி வந்துவிட்டது. வருஷா வருஷம் அக்டோபர் 2 வந்தால் பீட்டர்மாரிட்ஸ்பர்க் காந்தி சிலைக்கு மாலை போட்டு, அகிம்சை அகிம்சை என்கிறீர்களே, அதை வைத்து ஒரு குடம் தண்ணீர் பிடிக்க முடியுமா, ஆசிரியரே?

– ஒரு வாசகர், டோங்காட், தென்னாப்பிரிக்கா

பதில்: மாலை போட்டது நான் இல்லை ஐயா. ஆனாலும் உங்கள் கோபம் நியாயமானதுதான். ஒரே ஒரு இடத்தில் கணக்குத் தப்புகிறது: நான்கு மனுவின் தோல்வியை அகிம்சையின் கணக்கில் எழுதிவிட்டீர்கள். மனு மனுதான். அது தோற்றால் தோற்றது மனு.

நம் பாட்டன் பூட்டன் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தம் முடிந்தும் இந்தியா திரும்பாமல் இங்கே நேட்டாலிலேயே தங்கிய கூலிகள் மீது 1895-இல் சட்டம் போட்டு, தலைக்கு வருஷம் 3 பவுண்டு வரி வைத்தார்கள். மாதம் 10 ஷில்லிங்கில் வேலையைத் தொடங்கிய ஆளுக்கு அது ஆறு மாதச் சம்பளம். 16 வயது தாண்டிய பையனுக்கும் 13 தாண்டிய பெண்ணுக்கும்கூட உண்டு. அதை எதிர்த்து எத்தனை மனு, எத்தனை தூது! 1913 வரை வரி அசையவில்லை. அந்த வருஷம் அக்டோபரில் ஜோகன்னஸ்பர்க் பக்கத்திலிருந்து சில பெண்கள், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், சிலர் இடுப்பில் கைக்குழந்தையோடு, நியூகாசிலுக்குப் போய் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகளிடம் பேசினார்கள். கல் எறியச் சொல்லவில்லை, வேலைக்குப் போகாதீர்கள் என்றார்கள், அவ்வளவுதான். சுரங்கங்கள் நின்றன. முதலாளிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? சில குடியிருப்புகளில் விளக்கையும் தண்ணீரையும் நிறுத்தினார்கள். உங்கள் தெருவுக்கு நேர்ந்ததுதான், அன்றைக்கு வேண்டுமென்றே செய்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் அக்டோபர் 2 பேச்சுகளில் யாரும் சொல்வதில்லை. வேலைநிறுத்தம் செய்த ஆயிரக்கணக்கான பேருக்குச் சோறு போட வேண்டும், படுக்க இடம் வேண்டும், குழந்தைகள் வேறு. நவம்பர் 6 அன்று காந்தி தலைமையில் சார்ல்ஸ்டவுனிலிருந்து 2,037 ஆண்களும் 127 பெண்களும் 57 குழந்தைகளும், இந்தியர்கள் அனுமதியில்லாமல் தாண்டக்கூடாத டிரான்ஸ்வால் எல்லையைத் தாண்டி நடந்தபோது ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒன்றரைப் பவுண்டு ரொட்டி, ஒரு அவுன்ஸ் சர்க்கரை என்று அளந்து கொடுத்தார்கள். இன்று நம் கடையில் வாங்கும் ஒரு முழு ரொட்டி கிட்டத்தட்ட அந்த எடைதான். யாரோ உட்கார்ந்து அந்தக் கணக்கைப் போட்டிருக்கிறார் பாருங்கள், எனக்கு அவர்மேல்தான் மரியாதை. அப்புறம் வேலைநிறுத்தம் கடலோரக் கரும்புத் தோட்டங்களுக்கும் பரவியது, மவுண்ட் எட்ஜ்கோம்ப் பக்கம் துப்பாக்கிச் சூட்டில் நம் ஆட்கள் செத்தார்கள். தில்லையாடி வள்ளியம்மை சிறையில் பிடித்த காய்ச்சலோடு வெளியே வந்து 1914 பிப்ரவரியில் போய்விட்டாள், பதினாறே வயது. அதே வருஷம் வரி ஒழிந்தது, பழைய பாக்கியையும் சேர்த்து.

ஜெயிக்காத கதையும் உண்டு, மறைக்கவில்லை. 1946-இல் டர்பனில், கேல் ஸ்ட்ரீட்டும் உம்பிலோ ரோடும் சேரும் முனையில் கூடாரம் அடித்து, இந்தியர்கள் நிலம் வாங்குவதைக் கட்டுப்படுத்திய சட்டத்தை எதிர்த்து டாக்டர் மாண்டி நாயக்கர் தலைமையில் கிட்டத்தட்ட 2,000 பேர் சிறைக்குப் போனார்கள். ராத்திரியில் வெள்ளைக்கார ரவுடிகள் வந்து அடித்தார்கள், இவர்கள் திருப்பி அடிக்கவில்லை. சட்டம் போகவில்லை, நிறவெறி ஆட்சிதான் வந்தது. காந்தியையும் நான் சாமியாக்கவில்லை, கறுப்பின மக்களைப் பற்றி அவர் அந்தக் காலத்தில் எழுதிய சில வரிகளைப் படித்தால் இன்றும் கூசுகிறது.

சரி, டயருக்கு வருவோம். பக்கத்துப் பேட்டைக்கு லாரி வந்தது, ஒத்துக்கொள்கிறேன். டயர் எரிந்த காலையில் அந்த ரோட்டில் மாட்டிக்கொண்டது யார்? குழாயை மூடிய அதிகாரியா? காலை ஷிஃப்டுக்குப் போகும் மினிபஸ் டாக்ஸிக்காரனும், கிளினிக்குக்குப் போகும் கிழவியும். இன்னொன்று, நெருப்பு எங்கே போகும் என்று பற்ற வைத்தவனுக்கே தெரியாது. 2021 ஜூலைக் கலவரத்தை நாம் பார்த்தோமே. நாட்டில் 350 பேருக்கு மேல் செத்தார்கள், காந்தி 1904-இல் ஆசிரமம் போட்ட இடத்தின் பெயரையே வைத்துக்கொண்டிருக்கும், நம் இந்தியர்கள் அதிகம் வாழும் பீனிக்ஸில் மட்டும் 36 பேர். அதில் பெரும்பாலோர் பக்கத்துப் பேட்டையிலிருந்து வந்த கறுப்பின மக்கள். நம் ஆட்கள் சிலர் இன்னும் அதைத் 'தற்காப்பு' என்ற ஒரே வார்த்தையில் மூடிவிடுகிறார்கள்.

டர்பன் சாட்ஸ்வொர்த் பகுதியின் பேவியூ ஃபிளாட்டுகளில் 2000-ஆம் வருஷ வாக்கில், வாடகை பாக்கிக்காக ஆட்களை வெளியேற்ற வந்தபோது பக்கத்து வீட்டுப் பெண்கள் வாசலை மறித்து நின்றார்கள். இந்தியப் பெண்களும் கறுப்பினப் பெண்களும் சேர்ந்துதான் நின்றார்கள். உங்கள் நான்கு மனுவில் எத்தனை கையெழுத்து இருந்தது? பக்கத்துப் பேட்டைக்காரர்களிடம் ஒரு கையெழுத்தாவது கேட்டீர்களா? இருநூறு பேர் காலிக் குடத்தோடு அந்த அலுவலக வாசலில் காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தால், மத்தியானம் யார் ரொட்டி கொண்டு வருவது, வயசானவர்களை யார் வீட்டுக்கு அனுப்புவது, போலீஸ் வந்தால் யார் பேசுவது என்று முந்தின நாளே பேசி வைத்தீர்களா?

அப்புறம், அந்த லாரி எத்தனை நாள் வந்தது என்று நீங்கள் எழுதவில்லை. அவர்கள் குழாயில் இப்போது தண்ணீர் வருகிறதா? போய்க் கேட்டு எழுதுங்கள், அடுத்த இதழில் போடுகிறேன்.