கூரைப் பணமும் ‘கர்த்தருடைய வேளை’யும்

கேள்வி: ஐயாவுக்கு ஸ்தோத்திரம். எனக்கு வயது 31. சொந்த ஊர் திருமங்கலம். மிஷனரிப் பணியாளனாகப் பேரையூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நான்கு ஆண்டுகளாக ஊழியம் செய்கிறேன். எங்கள் சபையிலுள்ள விதவைத் தாயார் ஒருவரின் வீட்டுக்கு சிமெண்ட் ஷீட் போட்டுக் கொடுக்கும்படி, ஆடி மாதம் மதுரை விசுவாசி ஒருவர் என்னிடம் 22,000 ரூபாய் தந்தார். அப்போது எனக்கு இரண்டு மாதப்படி வந்து சேரவில்லை. மகளின் ஆஸ்பத்திரிச் செலவிலும் வண்டிப் பழுதிலும் அந்தப் பணம் கரைந்துவிட்டது. திருப்பி வைத்துவிடலாம் என்றுதான் எடுத்தேன். ஐப்பசி மழையில் அந்த அம்மாளின் கூரை ஒரு பக்கம் சரிந்துவிட்டது. அவர்கள் கேட்கும்போதெல்லாம், “கர்த்தருடைய வேளை இன்னும் வரவில்லை, அம்மா” என்று சொல்லிவந்தேன். மூத்த ஊழியர் ஒருவரோ, “ஊழியக்காரன் கர்த்தருக்குக் கணக்கு ஒப்புவித்தால் போதும், வெளியே சொன்னால் ஊழியத்தின் பெயர் கெடும்” என்கிறார். எனக்குத் தூக்கம் இல்லை. நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: அன்புள்ள தம்பி,

பணத்தை எடுத்தது தவறு என்று நீங்களே அறிந்திருப்பதால் அதை நான் விரிக்க வேண்டியதில்லை. காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, கையில் வேறு காசும் இல்லாத தகப்பனின் நிலை எனக்கும் தெரியும். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்துவது, பணத்தைவிட, அந்த அம்மாளிடம் நீங்கள் சொன்ன ஒரு வாக்கியம். செலவு செய்தவர் நீங்கள். அதைக் கர்த்தரின் பற்றில் எழுதிவிட்டீர்கள். தன்னைக் காக்கவைப்பவர் கடவுள்தான் என்று நம்பிக்கொண்டு, ஒழுகும் இடத்திலெல்லாம் பாத்திரம் வைத்துக்கொண்டு அந்த அம்மாள் மழைக்காலத்தைக் கழித்திருக்கிறார்.

நானும் இதைச் செய்திருக்கிறேன். உசிலம்பட்டிக்கு அருகே ஆயராக இருந்த நாளில், தம் மகளின் விடுதி விண்ணப்பத்தை அனுப்பிவைக்கும்படி ஒரு தகப்பனார் என்னிடம் கொடுத்தார். ஞானஸ்நானப் பதிவேட்டுக்குள் மடித்து வைத்தவன் மறந்துபோனேன்; கடைசி நாள் கடந்து ஒன்பது நாள் கழித்துத்தான் அது கண்ணில் பட்டது. அவர் வந்து கேட்டபோது, “தேவசித்தம் வேறாக இருக்கிறது” என்றேன். அவர் நம்பினார். கொண்டுவந்திருந்த மொச்சைப் பையைத் திண்ணையில் வைத்துவிட்டு, நன்றி வேறு சொல்லிவிட்டுப் போனார். அன்றிரவு எங்கள் வீட்டில் மொச்சைக் குழம்பு, நானும் சாப்பிட்டேன். உண்மையை அவரிடம் சொல்ல எனக்கு ஏழு மாதமாயிற்று. அந்தப் பிள்ளைக்கு ஓராண்டு போனது போனதுதான்.

மற்றவர்கள் “மறந்துவிட்டேன்”, “செலவழித்துவிட்டேன்” என்று சொல்லியாக வேண்டிய இடத்தில், நமக்கு மட்டும் வேளை, சித்தம், சத்துருவின் தடை என்று வசதியான சொற்கள் கையில் இருக்கின்றன. கேட்பவர்களும் பக்தியுள்ளவர்கள் என்பதால் மறுபேச்சில்லாமல் தலையாட்டிவிடுகிறார்கள். சவுல் ராஜா சொன்னதை 1 சாமுவேல் 15ஆம் அதிகாரத்தில் மறுபடியும் படித்துப் பாருங்கள். அழிக்கும்படி கர்த்தர் கட்டளையிட்டிருந்த ஆடுமாடுகளைத் தப்பவைத்தது ஜனங்கள் என்கிறான்; அதே மூச்சில், அதுவும் கர்த்தருக்குப் பலியிடத்தான் என்கிறான். முதல் சாக்கைவிட இரண்டாவது சாக்குதான் மோசமானது என்பது என் எண்ணம்.

இனி உங்கள் மூத்த ஊழியரின் ஆலோசனை. அதை நான் மரியாதையோடு மறுக்கிறேன். சாமுவேல் முதிர்வயதில் ஜனங்களின் முன் நின்று, யாருடைய எருதை எடுத்துக்கொண்டேன், யாருக்கு அநியாயம் செய்தேன், சொல்லுங்கள் என்று கேட்டது மனிதரிடம்தான். எருசலேமுக்கான தர்மப்பணத்தைப் பவுல் தனியொருவரின் கையில் விடாமல் தீத்துவோடு வேறு சகோதரரையும் அனுப்பியதற்குக் காரணம், கர்த்தருக்கு முன்பாக மட்டுமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாக நடக்க வேண்டும் என்பதே. இது 2 கொரிந்தியர் 8ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. நம் மதுரையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1606இல் இங்கே வந்து, இந்தியத் துறவியின் கோலத்தில் ஊழியம் செய்த இத்தாலிய இயேசு சபைக் குரு தெ நொபிலியின் முறைகளை ஏற்பவர்களும் உண்டு, ஏற்காதவர்களும் உண்டு. ஆயினும் தம்மேல் குற்றச்சாட்டு எழுந்தபோது அவர் எழுத்தில் பதில் கொடுத்தார், 1619இல் கோவாவில் கூடிய மாநாட்டில் நேரில் நின்றும் பதில் சொன்னார், 1623இல் ரோமாபுரியின் தீர்ப்பு வரும்வரை காத்திருக்கவும் செய்தார். கர்த்தர் அறிவார் என்று கதவைச் சாத்திக்கொள்ளவில்லை. இவையெல்லாம் ஒருபுறம் இருக்க, ஒரு காரியத்துக்கென்று நம்பி ஒப்படைக்கப்பட்ட பணத்தை நேர்மையின்றி வேறு காரியத்துக்குத் திருப்புவதற்குச் சட்டத்திலும் பெயர் உண்டு; அது நம்பிக்கை மோசடி, பாரதிய நியாய சன்ஹிதாவின் 316ஆம் பிரிவு. உங்களைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. “வெளியே சொல்லாதே” என்பது எவ்வளவு ஆபத்தான ஆலோசனை என்று காட்டவே எழுதுகிறேன்.

இன்று இரவே உங்கள் மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லுங்கள். பிறகு முதலில் போக வேண்டியது அந்த அம்மாளின் வீட்டுக்கு. தலைமை அலுவலகத்துக்கு முதலில் எழுதிவிட்டு அவர்களை இரண்டாவதாக வைத்தால், உங்கள் வேலையைக் காப்பாற்றத்தான் வந்தீர்கள் என்று ஆகிவிடும். பணம் வந்தது, நான் எடுத்துச் செலவழித்தேன், கர்த்தருடைய வேளை என்று உங்களிடம் சொன்னது பொய் என்ற மூன்றையும் சொல்லுங்கள். மகளின் காய்ச்சலை அந்த இடத்தில் எடுக்காதீர்கள். எடுத்தால், நனைந்த அந்த அம்மாளே உங்களுக்கு ஆறுதல் சொல்ல வேண்டி வரும். அடுத்து, பணம் கொடுத்தவரை மதுரையில் நேரில் பாருங்கள். அதன்பின் உங்கள் அமைப்புக்கு எழுத்தில் தெரிவியுங்கள். அவர்கள் உங்களைப் பணியிலிருந்து நிறுத்திவைக்கக்கூடும். அப்படி நடந்தால் அதைப் பாடு என்றோ உபத்திரவம் என்றோ ஜெபக்கடிதத்தில் எழுதாதீர்கள்.

மாதப்படி இரண்டு மாதம் தாமதமானது உங்கள் அமைப்பின் குறை. அதை அவர்களிடம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் அதை வேறொரு நாளில், வேறொரு கடிதத்தில் கேளுங்கள். இரண்டையும் ஒரே தாளில் எழுதினால், உங்கள் அறிக்கை வாதமாக மாறிவிடும்.

தொகையைப் பொறுத்தவரை, லேவியராகமம் 6ஆம் அதிகாரம் முதலோடு ஐந்தில் ஒரு பங்கையும் கூட்டிக் கொடுக்கச் சொல்கிறது. உங்கள் கணக்கில் அது 22,000மும் 4,400ம் சேர்ந்து 26,400 ரூபாய். மாதம் இவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி, சபை மூப்பர் ஒருவர் சாட்சியாகக் கையெழுத்திட, அந்த அம்மாளிடம் கொடுத்துவிடுங்கள். இனிமேல் பிறருக்கென்று வரும் எந்தப் பணமும் உங்கள் சட்டைப்பையில் ஓர் இரவுகூடத் தங்க வேண்டாம். ரசீது எழுதி, இரண்டு கையெழுத்தோடு சபைக் கணக்கில் சேருங்கள்.

தவணை முடியும்வரை கூரை காத்திருக்காது. கார்த்திகை மழை இன்னும் பாக்கியிருக்கிறது. போகும் வழியில் டி.கல்லுப்பட்டியில் ஒரு நல்ல தார்ப்பாய் வாங்கிக்கொண்டு போய், நீங்களே ஏறிக் கட்டிக்கொடுங்கள். புறப்படும்போது, வழக்கப்படி, “ஒரு வார்த்தை ஜெபித்துக்கொள்வோம், அம்மா” என்று ஆரம்பிக்காதீர்கள். அவர்களாகக் கேட்டால் மட்டும் ஜெபியுங்கள்.