ஒன்பதாவது கோளைத் தேடுவது ஒரு வேலையா?

மதிப்பிற்குரிய ஐயா,

நெப்டியூனுக்கு அப்பால் இருக்கலாம் என்று சொல்லப்படும் கோளைத் தேடத்தான் படிப்பேன் என்று உங்கள் மகள் பிடிவாதமாக இருப்பதாக எழுதியிருந்தீர்கள். இல்லாத ஒன்றைத் தேடி வயதைத் தொலைத்துவிடுவாளோ என்பது உங்கள் பயம்.

அந்தக் கோள் இல்லாமலே போகலாம், உண்மைதான். 2016 ஜனவரியில், அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழக வானியலாளர்களான கான்ஸ்டன்டின் பத்திகினும் மைக் பிரௌனும் அதை முன்மொழிந்தார்கள். தொலைவிலுள்ள ஆறு சிறு பொருள்களின் நீள்வட்டப் பாதைகள் ஒரே பக்கமாக ஒதுங்கியிருப்பதற்கு, பூமியைவிடச் சுமார் 10 மடங்கு நிறையுள்ள கோளின் ஈர்ப்பே காரணம் என்றார்கள். இதுவரை எவரும் அதைப் பார்க்கவில்லை. பாதைகள் ஒதுங்கியிருப்பதே, தொலைநோக்கிகள் வானத்தின் சில பகுதிகளையே அதிகம் துழாவியதால் வந்த தோற்றம் என்று மறுப்பவர்களும் உண்டு.

ஆனால் நீங்கள் பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. 'கோள் தேடுபவர்' என்ற பதவி எங்கும் கிடையாது. முனைவர் பட்டம் பெற்ற பிறகு, இரண்டு மூன்று ஆண்டு ஒப்பந்த ஆய்வுப் பணிகளில் நாடு விட்டு நாடு மாற வேண்டியிருக்கும். நிரந்தரப் பேராசிரியர் இடங்கள் மிகக் குறைவு; தகுதியுள்ள பலருக்கே கிடைப்பதில்லை. இதை அவளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். விலகி வருபவர்கள் தெருவில் நிற்பதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தரவுப் பகுப்பாய்வு, மென்பொருள், நிதித்துறை ஆகியவை அவர்களுக்கு வேலை கொடுக்கின்றன.

காரணம், இந்தத் தேடலில் பெரும்பகுதி கணினி வேலை. அந்தக் கோள் பூமி–சூரியன் தூரத்தைப் போல் பல நூறு மடங்கு தொலைவில் இருக்க வேண்டும். அங்கே போய்த் திரும்பும் சூரிய ஒளியில்தான் அது தெரியும் என்பதால், தொலைவு இரட்டித்தால் பிரகாசம் பதினாறில் ஒரு பங்காகிவிடும். சிலியில் 8.4 மீட்டர் ஆடியுடன் அமைந்துள்ள வேரா ரூபின் ஆய்வகம் பத்தாண்டுகள் வானத்தைத் திரும்பத் திரும்பப் படமெடுக்கும். மங்கலாக நகரும் புள்ளிகளை அந்தப் படங்களிலிருந்து பிரித்தெடுப்பது மென்பொருள். கண்ணைத் தொலைநோக்கியில் வைத்து விடிய விடிய விழித்திருக்கும் ஆசை அவளுக்கு இருந்தால், அதைப் பொழுதுபோக்காக வைத்துக்கொள்வதே நல்லது.

பத்திகின் கணக்குப் போடுபவர். பிரௌன் வானத்தைத் துழாவுபவர். 2005-இல் புளூட்டோவை ஒத்த அளவுள்ள ஏரிஸ் என்ற குறுங்கோளைக் கண்டறிந்து, புளூட்டோ கோள் அந்தஸ்தை இழக்க வழிவகுத்தவர் பிரௌன்தான். இருவரில் யாருடைய வேலை பிடிக்கிறது என்று மகளிடம் கேளுங்கள். 'இரண்டும்' என்பாள், பரவாயில்லை.

ஒரு சோதனை சொல்கிறேன். மைனர் பிளானட் சென்டர் என்ற பன்னாட்டு மையம் சூரியனைச் சுற்றும் சிறு பொருள்களின் பாதை விவரங்களை இலவசமாகத் தருகிறது. சராசரித் தொலைவு பூமி–சூரியன் தூரத்தைப் போல் 250 மடங்குக்கு மேல் உள்ளவற்றைப் பைத்தான் என்ற நிரல்மொழியில் பிரித்தெடுத்து, அவற்றின் பாதைகள் எந்தத் திசையில் நீள்கின்றன என்று அவளே வரைந்து பார்க்கட்டும். நிரலில் பிழை வரும், படம் எதிர்பார்த்தபடி அமையாது. எரிச்சலோடாவது மறுநாளும் உட்கார்ந்தால், தயங்காமல் இயற்பியல் இளநிலைப் படிப்பில் சேருங்கள். கணிதமும் புள்ளியியலும் துணைப்பாடமாக இருக்கட்டும். 'வானியல்' என்ற பெயர் பட்டத்தில் இருக்க வேண்டும் என்று அலைய வேண்டாம். அது முதுநிலையில் பார்த்துக்கொள்ளலாம்.