நீந்தத் தெரியாத மகனை கித்துல்கல ட்ரிப்புக்கு அனுப்பலாமா?

வெள்ளவத்தையில இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க: "அண்ணா, மகனுக்கு 15 வயசு, டியூஷன் கிளாஸால கித்துல்கல போறாங்க, அங்க களனி கங்கையில ராஃப்டிங் (ரப்பர் போட்டுல வேகமான ஆத்துல போறது) இருக்காம். அவனுக்கு நீந்தத் தெரியாது, இடைக்கிடை வீசிங்கும் (மூச்சு இழுப்பு) வரும். கையெழுத்து போடச் சொல்லி போர்ம் அனுப்பியிருக்காங்க, போடவா வேணாமா?"

தங்கச்சி, நீந்தத் தெரியாதுங்கிற ஒரு காரணத்துக்காக மறிக்கத் தேவையில்ல. ஒழுங்கான ஆக்கள் செய்ற ராஃப்டிங்கில நீந்தத் தெரியாத பிள்ளைகளும் போகலாம், ஒவ்வொரு போட்டுலயும் ஒரு கைட், எல்லாருக்கும் லைஃப் ஜாக்கெட், ஹெல்மெட், இறங்க முதல் கரையில வச்சு சொல்லிக் குடுக்கணும், அவ்வளவும் இருந்தா போகட்டும். எனக்குப் பயம் போட்டுல இல்ல, போட்டை விட்டு இறங்கின பிறகுதான். ஜாக்கெட்டை எல்லாம் கழட்டிக் குடுத்தாச்சு, கைட்மார் போயிட்டாங்க, சாப்பாடு வர அரை மணித்தியாலம் இருக்கு, "சரி கொஞ்சம் குளிச்சிட்டு வாங்க"னு சேர் சொல்லிட்டு ஃபோன் பார்த்துட்டு இருப்பார், அம்பது பொடியன்கள் ஆத்துக்குள்ள. அந்த நேரத்துக்கு யாருமே பொறுப்பில்ல. உங்க மகனுக்கு சொல்ல வேண்டிய முதல் விஷயம் இதுதான்: ஜாக்கெட் இல்லாம முழங்காலுக்கு மேல தண்ணியில நிக்கக்கூடாது, யார் கூப்பிட்டாலும் சரி. பாறையில இருந்து குதிக்கிறதுக்கு கொன்ஃபிடன்ஸ் ஜம்ப்னு ஒரு பேர் வச்சிருப்பாங்க, அது அவனுக்கு வேணவே வேணாம்.

அடுத்தது ஆர் இந்த ட்ரிப்பை செய்றதுனு கேளுங்க. கிளாஸ் சேர் இல்ல, பஸ்காரரும் இல்ல, தண்ணியில பிள்ளையைக் கொண்டு போற ஆள் ஆர்? கூடுதலா என்ன நடக்குதுன்னா நடுவுல ஒரு ஆள் நிப்பார், போஸ்டர் அடிப்பார், தலைக்கு இவ்வளவுனு கொமிஷன் எடுப்பார், அவருக்கே அங்க எந்த கொம்பனி போட் விடுதுனு முதல் நாள் வரைக்கும் தெரியாது, எவன் குறைச்சு சொல்றானோ அவன்கிட்ட புள்ளைங்களை ஒப்படைப்பார். குறைச்ச விலைக்கு எதைக் குறைப்பாங்க? கைட்டைத்தான் குறைப்பாங்க, கிழிஞ்ச ஜாக்கெட்டை மாத்தாம விடுவாங்க. "இன்சூரன்ஸ் இருக்கு"னு சொன்னா எந்த கொம்பனி, தண்ணி விளையாட்டு அதுக்குள்ள வருதா, பேப்பரை காட்டுங்கனு கேளுங்க, பல பேர் அந்த இடத்துல கதையை மாத்துவாங்க. அந்த ராஃப்டிங் கொம்பனி சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில பதிஞ்சதானும் கேளுங்க.

எல்லாத்தையும் விட முக்கியமா கேட்க வேண்டியது, மழை பெஞ்சா காசு திரும்ப வருமா? காசுக்கு ஏன் அலையுறாங்கனு நினைப்பாங்க, நினைக்கட்டும். காசு திரும்பக் குடுக்க ஏலாத ஆள் எந்த மழையிலயும் போட்டை இறக்கத்தான் பார்ப்பார், "இவ்வளவு தூரம் வந்துட்டோம்"னு சேரும் தலையாட்டுவார். ட்ரிப்பை நிப்பாட்டுற அதிகாரம் கொமிஷன் வாங்காத ஒரு ஆள்கிட்ட இருக்கணும்.

ஏன் மழையைப் பற்றி இவ்வளவு சொல்றேன்னா, அங்க களனி கங்கைக்கு தண்ணி வாறது மேல மஸ்கெலிய ஓயா, கெஹெல்கமு ஓயா பக்கத்துல இருந்து. அங்க நீர்த்தேக்கங்களும் மின்சார நிலையங்களும் இருக்கு, தண்ணி திறந்தா கித்துல்கலவுல ஒரு சொட்டு மழை இல்லாமலே ஆறு ஏறும், மேல மழை பெஞ்சாலும் அப்படித்தான். தெளிவா இருந்த தண்ணி மண் நிறமாகுது, இலை குச்சி எல்லாம் மிதந்து வருது, சத்தம் மாறுது, இதுல ஒண்டைக் கண்டாலும் செருப்பு பேக் எதையும் பார்க்காம மேட்டுக்கு ஏறணும். ஒக்டோபர், நவம்பர்ல பின்னேரத்துல இடி மின்னல் வேற, கடைசி இடி கேட்டு 30 நிமிஷம் போகும் வரைக்கும் தண்ணிக்குத் திரும்பக்கூடாது.

ஜாக்கெட்டை எப்படிப் பார்க்கிறதுனு மகனுக்குக் காட்டிக் குடுங்க. எல்லா பக்கிளையும் பூட்டி, பட்டியை இறுக்கின பிறகு, கூட்டாளி ஒருத்தன் ரெண்டு தோள்ப்பட்டையையும் பிடிச்சு மேல இழுக்கணும். ஜாக்கெட் காது வரைக்கும் ஏறினா அது அவனுக்கு சரிவராது, வேற ஒண்டு கேட்கணும், வெட்கப்படக்கூடாது. விழுந்தா எழும்பி நிக்கப் பார்க்கக்கூடாது, கால் கல்லுக்குள்ள சிக்கினா ஓட்டம் ஆளை முகம் குப்புற அமுக்கிடும். மல்லாந்து படுத்து, கால் ரெண்டையும் தண்ணி போற பக்கம் நீட்டி, கைட் கயிறு எறியும் வரைக்கும் போகணும்.

வீசிங் விஷயம் கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா இதைப் போர்ம்ல ஒரு கோடு போட்டு விட்டுடுவாங்க. குளிர் தண்ணி திடீர்னு மேல பட்டாலே வீசிங் இழுக்கலாம், பயமும் துடுப்பு போடுற களைப்பும் சேர்ந்தா இன்னும் கஷ்டம். கடைசி ஒரு மாசத்துல இரவுல எழும்பி இருமினவனா, நெபுலைஸ் பண்ணினவனா இருந்தா இந்த முறை விடுங்க, டொக்டர் சரின்னு சொன்ன பிறகு அடுத்த ட்ரிப் போகலாம். நல்லா இருக்கான்னா போகலாம், ஆனா இழுக்கும்போது உடனே அடிக்கிற நீல இன்ஹேலர் பஸ்ஸுல பேக்குக்குள்ள இருந்தா அது இல்லாததுக்கு சமன். தண்ணி போகாத பையில போட்டு அவன் போற அதே போட்டுல கைட்கிட்ட இருக்கணும். இன்னொண்டு ஸ்பேசரோட (இன்ஹேலர்ல மாட்டி மருந்து இழுக்கிற குழாய்) சேர்கிட்ட. மருந்து முடிஞ்சிருக்கானு முதல் நாளே பாருங்க, குலுக்கிப் பார்த்து சொல்ல ஏலாது. கைட்டுக்கு சிங்களத்துல "மட்ட ஹதிய தியெனவா" (எனக்கு வீசிங் இருக்கு)னு சொல்ல மகனுக்குத் தெரியணும், சேர் சொல்வார்னு நம்பி இருக்க வேணாம்.

போர்ம்ல "எது நடந்தாலும் நாங்க பொறுப்பில்ல"னு இருந்தா அதை வெட்டிட்டு, வீசிங் பற்றியும் குளிக்க விட வேணாம்னும் கையால எழுதி, ஃபோட்டோ எடுத்து வச்சுட்டு கையெழுத்து போடுங்க. பாடசாலை ட்ரிப்புன்னா கல்வி அமைச்சோட சுற்றறிக்கை இருக்கு, அனுமதி எடுக்கணும், ஆசிரியர்மார் போகணும். டியூஷன் கிளாஸ் நூறு பிள்ளையை ஆத்துக்கு ஏத்திட்டுப் போனா கேட்க ஆளில்ல, இது எல்லாருக்கும் தெரியும், ஆரும் கை வைக்கிறதில்ல. ஒரு பிள்ளையோட உயிர் போன பிறகுதான் கரையில எச்சரிக்கை போர்ட் நடுவாங்க, எனக்கு இது பார்த்துப் பார்த்து வெறுத்துப் போச்சு.

1990 சுவசெரிய அம்புலன்ஸ், காசில்ல, மகனோட ஃபோன்லயும் சேர்ட ஃபோன்லயும் போட்டு வைங்க. அந்தப் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரி கரவனெல்லவுல இருக்கு. வந்து ரெண்டு மூணு கிழமைக்குள்ள காய்ச்சல், கெண்டைக்கால் உளைவு வந்தா பனடோலோட நிக்காம, ஆத்துல இறங்கினதை டொக்டர்கிட்ட நீங்களாவே சொல்லுங்க, எலிக்காய்ச்சலானு (எலி மூத்திரம் கலந்த தண்ணியால வாற காய்ச்சல்) பார்ப்பாங்க.