கணினிக் கேள்வி பதில்: ஒரு பெட்டி, மூன்று கணினி

கேள்வி: தம்பி, ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் கல்யாணக் கார்டு அச்சடிக்கும் சின்னக் கடை எங்களுடையது. டிசைன்கள் எல்லாம் ஒரு நாஸ் பெட்டியில், அதாவது எல்லாக் கணினிகளும் நெட்வொர்க் வழியாகப் பகிர்ந்துகொள்ளும் சேமிப்புப் பெட்டியில், இருக்கின்றன. பாஸ்வேர்டு கிடையாது. மருமகளின் மேக்கிலும் மகனின் உபுண்டு மடிக்கணினியிலும் ஒழுங்காகத் திறக்கிறது. புதிதாக வாங்கிய விண்டோஸ் 11 ப்ரோ கணினியில் மட்டும், பாதுகாப்புக் கொள்கை விருந்தினர் அணுகலைத் தடுக்கிறது என்று வருகிறது. பழுது பார்க்க வந்தவர் எஸ்எம்பி 1-ஐ ஆன் பண்ணினால் சரியாகிவிடும் என்கிறார். பண்ணட்டுமா? ஆவணி முகூர்த்த ஆர்டர்கள் குவிந்து கிடக்கின்றன. (வாசகி, பினாங்கு)

பதில்: வேண்டாம் அக்கா. எஸ்எம்பி 1 என்பது நெட்வொர்க்கில் கோப்புகளைப் பகிர 1980களில் பிறந்த பழைய முறை. 2017 மே மாதம் வானாக்ரை என்ற வைரஸ் அதிலிருந்த ஓட்டை வழியாகத்தான் நுழைந்து, பிரிட்டனில் மருத்துவமனைகளைக்கூட முடக்கியது. அந்த ஆண்டு அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பு முதல் மைக்ரோசாஃப்ட் அதைப் படிப்படியாக ஒதுக்கி வருகிறது. அதோடு, உங்கள் சிக்கலுக்கு அது மருந்தும் இல்லை.

உங்கள் மூன்று கணினிகளும் பெட்டியிடம் ஒரே பாஷைதான் பேசுகின்றன. அதன் பெயர் எஸ்எம்பி. ஆப்பிள்கூட 2013-இல் தன் சொந்த முறையைப் பின்னுக்குத் தள்ளி இதற்கு மாறிவிட்டது. விண்டோஸ் 11 ப்ரோ, 2024-இல் வந்த 24எச்2 பதிப்பிலிருந்து, போகிற வருகிற ஒவ்வொரு தகவலிலும் டிஜிட்டல் கையெழுத்துக் கேட்கிறது. அந்தக் கையெழுத்துக்கான சாவி உங்கள் பாஸ்வேர்டிலிருந்து உருவாகிறது. பாஸ்வேர்டே இல்லாத விருந்தினரால் எப்படிக் கையெழுத்துப் போட முடியும்? அதனால்தான் கதவு திறக்கவில்லை.

பெட்டியின் நிர்வாகப் பக்கத்துக்குப் போய், கடையில் உள்ள ஒவ்வொருவருக்கும் தனிப் பெயரும் பாஸ்வேர்டும் கொடுங்கள். விருந்தினர் அனுமதியை மூடிவிடுங்கள். அப்புறம் ரௌட்டரில் பெட்டிக்கு நிலையான முகவரி எண் ஒன்று ஒதுக்குங்கள். 192.168.1.50 என்று வைத்துக்கொள்வோம். விண்டோஸில் ஃபைல் எக்ஸ்புளோரரின் முகவரிப் பட்டையில் \\192.168.1.50 என்று தட்டுங்கள். மேக்கில் ஃபைண்டரைத் திறந்து கமாண்டும் கே-யும் சேர்த்து அழுத்தி, எஸ்எம்பி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளுக்குப் பின் ://192.168.1.50 போடுங்கள். உபுண்டுவில் ஃபைல்ஸைத் திறந்து கன்ட்ரோலும் எல்-உம் அழுத்தி அதே முகவரி. கேட்கிற இடத்தில் பெட்டியில் கொடுத்த பெயரையும் பாஸ்வேர்டையும்தான் போட வேண்டும். விண்டோஸைத் திறக்கத் தட்டுகிற பின் நம்பர் இங்கே செல்லாது. பெயரை மாற்றிப் போட்டுச் சிக்கிக்கொண்டால் கணினியை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஒரே பெட்டிக்கு ஒரே நேரத்தில் இரண்டு பெயரில் போக விண்டோஸ் விடாது.

நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கார்டுக் கடை என்பதால் சொல்கிறேன். கோப்புக்குப் பெயர் வைப்பதில் கவனம் தேவை. மேக்கில் கேள்விக்குறியோ சாய்கோடோ போட்டுப் பெயர் வைக்கலாம். விண்டோஸ் பக்கம் அந்தப் பெயர் சிதைந்து தெரியும். முகூர்த்தத் தேதியை 12/9 என்று எழுதும் பழக்கம் இருந்தால் 12-9 என்று மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள்.

தமிழ்ப் பெயரில் இன்னொரு கண்ணி இருக்கிறது. எங்கள் கோயில் திருவிழாப் படங்களைப் பழைய மேக் வட்டிலிருந்து ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் நிரல் மூலம் பெட்டிக்கு ஏற்றினேன். மறுநாள் பார்த்தால் ‘கோயில்’ என்று இரண்டு ஃபோல்டர்கள், எழுத்துக்கு எழுத்து ஒரே மாதிரி. பாதிப் படங்கள் ஒன்றில், மீதி இன்னொன்றில். தேர் ஊர்வலப் படங்கள் தொலைந்தே போய்விட்டன என்று ஒரு ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. காரணம் ‘கோ’ என்ற எழுத்து. க-வுக்கு இரட்டைக் கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாகவும் அதைச் சேமிக்கலாம். கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு குறியாகவும் சேமிக்கலாம். அந்தப் பழைய மேக் வட்டு பிரித்தே வைத்திருந்தது. கண்ணுக்கு ஒன்று, பெட்டிக்குள் ஓடும் லினக்ஸ் இயங்குதளத்துக்கு இரண்டு. கொ, கௌ வரிசைகளுக்கும் இதே கதைதான்.

இதற்காகத் தமிழில் பெயர் வைக்காதீர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆர்டர் எண்ணை முன்னால் போடுங்கள்: ‘0417 கோமதி திருமணம்’ என்பது போல. தேடும்போது எண்ணைத் தட்டினால் எப்படிச் சேமித்திருந்தாலும் கிடைத்துவிடும்.

கேள்வி: அண்ணே, அலுவலகப் பெட்டியை வீட்டிலிருந்து திறக்க ரௌட்டரில் எஸ்எம்பி பயன்படுத்தும் 445 என்ற போர்ட்டை, அதாவது அந்த எண்ணுள்ள வாசலை, திறந்துவிடலாமா? (வாசகர், செந்தூல், கோலாலம்பூர்)

பதில்: கூடாது தம்பி. வானாக்ரை உள்ளே வந்த வாசலே அதுதான். ரௌட்டரிலோ பெட்டியிலோ வையர்கார்ட் போன்ற விபிஎன் வசதி, அதாவது இணையத்தின் வழியே போகும் பூட்டிய தனிப்பாதை, இருக்கிறதா பாருங்கள். வீட்டிலிருந்து முதலில் அதில் இணையுங்கள். அப்புறம் மேலே சொன்ன அதே முகவரிதான்.