கண் தெரியாதவரைப் பற்றி எழுதினால் சிறையா?

கேள்வி: காலேஜில் பிரெஞ்சு படிக்கும் என் பேரன், தீதரோ என்பவர் கண் தெரியாதவர்களைப் பற்றி எழுதியதற்காக ஜெயிலுக்குப் போனார் என்கிறான். இதில் என்ன குற்றம் ஐயா?
- ஒரு பாட்டி, ரோஸ்ஹில்

பதில்: பேரன் சொல்வது சரிதான் அம்மா. தீதரோ ஒரு பிரெஞ்சு எழுத்தாளர். 1749இல் பெயர் போடாமல் வந்த புத்தகம் அது. அதில் கேம்பிரிட்ஜ் கணக்குப் பேராசிரியர் சாண்டர்சன், சின்னக் குழந்தையிலேயே அம்மை போட்டுப் பார்வை போனவர், சாகும் தருவாயில் பாதிரியாரிடம் பேசுகிறார். வானத்தையும் பூவையும் காட்டிக் கடவுள் இருக்கிறார் என்கிறீர்களே, நான் நம்பவேண்டுமானால் கடவுளைத் தொட்டுப் பார்க்க வையுங்கள் என்கிறார். தீதரோவின் கற்பனைதான் அந்தப் பேச்சு. வினை அங்கேதான் வந்தது.

ஜூலை 24இல் பிடித்து வேன்சேன் கோட்டையில் போட்டார்கள். ஸ்லேட்டைப் பொடித்து ஒயினில் கரைத்து மை, பல் குத்தும் குச்சி பேனா என்று அங்கேயும் எழுதினாராம். மகள் எழுதிவைத்த செய்தி இது. இனி இப்படி எழுதமாட்டேன் என்று எழுதிக் கொடுத்துத்தான் நவம்பரில் வெளியே வந்தார். அவரை நம்பி, அவர் தொகுத்துவந்த கலைக்களஞ்சியத்தில் பணம் போட்ட பதிப்பாளர்கள் விடாமல் மனுப் போட்டதும் உதவியது.

பயந்துவிட்டார் என்று பேரன் சொன்னால், 1759ஐச் சொல்லுங்கள். அந்த வருடம் அரசு கலைக்களஞ்சியத்தின் உரிமத்தையே ரத்து செய்தது. கூட்டு ஆசிரியர் தலாம்பேர் அதற்கு முன்பே ஒதுங்கிவிட்டார். இவர் மட்டும் கமுக்கமாக வேலையைத் தொடர்ந்தார்.

ஆனால் போர்ட் லூயி அச்சகத்தில் வருடக்கணக்காகப் புரூஃப் பார்த்த எனக்கு, ஜெயிலைவிட 1764தான் உறுத்துகிறது. அந்தக் கலைக்களஞ்சியத்தில் அச்சாகிவிட்ட ஒரு தொகுதியில் தீதரோ எதையோ தேடுகிறார். தன் கட்டுரை குதறிக் கிடக்கிறது. இவர் திருத்தி அனுப்பிய புரூஃபில், வம்பு வரும் என்று அச்சக முதலாளி லெ பிரெத்தோனே பத்தி பத்தியாக வெட்டியிருக்கிறார். ஒரு தொகுதியில் அல்ல, மிச்சமிருந்த பத்திலும்! மூலப் பிரதிகளும் மிஞ்சவில்லை. கொதித்துப்போய்க் கடிதம் எழுதினார் தீதரோ. போலீஸ்மேல்கூட அவருக்கு அவ்வளவு கோபம் வந்திருக்குமா என்பது என் சந்தேகம்.

எனக்கும் ஒருமுறை நடந்தது. தைப்பூச நோட்டீஸ், நான் கையெழுத்துப் போட்டு அனுப்பிய புரூஃப். இடம் போதவில்லை என்று யாரோ கடைசி வரியைத் தூக்கிவிட்டார்கள். அன்னதானம் எத்தனை மணிக்கு என்ற வரி! காவடி எடுத்த ஊர் முழுக்க என்னைத்தான் கேட்டது.